அரிசியாய் வந்த நட்சத்திரங்கள்

அன்னக்கொடிக்கு நாற்பத்து நான்கு வயது. மதுரையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். கதிர் தாக்காமலிருக்கக் காலையில் மாட்டும் ஈய ஏப்ரனை மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவாள். அதன் பட்டி அழுந்தி அழுந்தி இரண்டு தோளும் கறுத்துப்போயிருக்கின்றன. நாளொன்றுக்கு எழுபது, எண்பது பேர். "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... ம், விடலாம்." இதையே சொல்லிச் சொல்லி, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வேறு பேச்சுப் பேசத் தெம்பிருக்காது.

கணவன் அழகுபாண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். விடியுமுன்னே எழுந்து போய், பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறுபடி சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருபவன். மகள் திவ்யா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருவர் மட்டும். இருவருமே ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிற ஆட்கள்.

இப்படிப்பட்டவள் ராத்திரியில் விழித்திருக்கத் தொடங்கியதற்கு, 2019 டிசம்பரில் வந்த சூரிய கிரகணம்தான் காரணம். அன்று காலை ஸ்கேன் சென்டருக்கு வந்தவர்களெல்லாம் கிரகணம் பார்க்கப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கேட்டார்கள். "அத வச்சுப் பாத்தா கண்ணு போயிரும்" என்று ஒருவருக்கும் தரவில்லை. கேட்டவர்கள் முகம் வாடியதைப் பார்த்து, மருந்து டப்பா அட்டை ஒன்றை எடுத்து ஊசியால் துளைகள் போட்டு வாசலில் பிடித்தாள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிறையாக, சிமெண்டுத் தரை முழுக்கச் சூரியன் விழுந்தது. கால் கட்டுப்போட்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஒருவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அன்றிரவு அன்னக்கொடிக்குத் தூக்கம் வரவில்லை. தான் தினமும் பார்ப்பது படம்தான். ஆனால் படம் பார்த்து யாரும் இந்த மாதிரிச் சிரித்து அவள் கண்டதில்லை.

ஊரடங்குக் காலத்தில் போனில் தேடித் தேடிப் படித்தாள். வீட்டு மொட்டை மாடியிலிருந்தே சின்ன டெலஸ்கோப்பால் நெபுலா என்கிற வாயு மேகங்களையும் காலக்ஸி என்கிற நட்சத்திரக் கூட்டங்களையும் படமெடுக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்தது. 2021இல் முழங்கை நீளத்தில் ஒரு டெலஸ்கோப் வாங்கினாள். பழைய கேமரா ஒன்றும், பெங்களூரில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற மவுன்டும் சேர்ந்தன. மவுன்ட் என்பது மோட்டார் வைத்த தாங்கி. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்வதுபோலத் தெரிகிறதே, அந்த வேகத்துக்கு டெலஸ்கோப்பை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அது சரியாகத் திருப்பினால் மூன்று நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தாலும் நட்சத்திரம் புள்ளியாக விழும். இல்லையென்றால் கோடாக இழுக்கும்.

அவளுக்கு அரிசி அரிசியாக விழுந்தது.

முதல் படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டியபோது அழகுபாண்டி சொன்னான்: "நல்லாத்தான இருக்கு? பொன்னி அரிசி கொட்டுன மாதிரி."

"மாமா, இது புள்ளியா வரணும்."

"அரிசியும் தூரத்துல இருந்து பாத்தா புள்ளிதான்டி."

மவுன்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் துல்லியமாக வைத்தால் பாதிச் சிக்கல் தீரும் என்று இணையத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஆனால் அப்படி எழுதியவர்களின் ஊரில் அந்த நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். மதுரையில் கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அடிவானத்துக்கு மேலே அந்த முஷ்டி உயரத்துக்குத்தான் இருக்கும். அதுவும் புழுதியும் புகையும் தேங்கிய இடத்தில். மவுன்டை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் டெலஸ்கோப்புக்கு எதிர் எடையாகத் தொங்கும் கட்டையின் கம்பி போய் ஸ்டாண்டின் காலில் இடித்தது. வடக்கே கால் வராதபடி ஸ்டாண்டைத் திருப்பி வைத்து அதைச் சமாளித்தாள். துருவ நட்சத்திரத்தைச் சமாளிக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக் காசிமாயன் மூன்றாவது மாடி எடுத்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் நட்சத்திரம் மொத்தமாக மறைந்துவிட்டது.

மாடி வேலை முடிந்து அங்கே குடிவந்த பெண் ஒரு நாள் தெருவில் நிறுத்திக் கேட்டாள். "அக்கா, ராத்திரியில அந்தக் கொழாய வச்சு எங்க வீட்டு ஜன்னலையா பாக்குறீங்க?"

"இல்லம்மா, வானத்தத்தான்."

"எங்க வீட்டுப் பக்கமே திருப்பி வச்சிருக்கீகளே."

அன்னக்கொடி விளக்கத்தான் பார்த்தாள். வடக்கு, துருவம், அச்சு என்று வாயில் வந்ததெல்லாம் அவளுக்கே பொய் மாதிரிக் கேட்டது. அதன்பிறகு மொட்டை மாடிக்குக் கொண்டுபோகவில்லை.

செக்கானூரணிக்கு வடக்கே அழகுபாண்டியின் அண்ணன் மொக்கையனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மோட்டார் அறையும் ஒரு களமும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் நாகமலை முதுகுக்கு மேலே விரற்கடை இடைவெளியில் துருவ நட்சத்திரம் தெரிந்தது. மதுரையின் வெளிச்சம் கிழக்கே ஒதுங்கியிருந்தது. தெற்கு வானம் நல்ல இருட்டு. ஆனால் ஒரு பெண் ராத்திரி முழுக்கத் தனியாக அங்கே உட்கார முடியாது. அதனால் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் அழகுபாண்டி வேனில் கூட்டிப்போனான். சாமான்களை இறக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் உட்காரும் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வான். அவன் நீளத்துக்கு அந்தச் சீட்டு போதாது. ஞாயிறு முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

"ஒனக்கு இதுல என்னதான் கெடைக்குது?" என்று ஒரு தடவை கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

"தெரியல மாமா. ஒரு படம் நல்லா வந்துட்டா விட்ருவேன்."

அவள் எடுக்க நினைத்தது சென்டாரஸ் ஏ என்ற காலக்ஸி. கோடைக்காலத்தில் தெற்கே நன்றாக ஏறி வரும். உருண்டையான ஒரு வெளிச்சம், அதன் குறுக்கே கறுப்பாக ஒரு தூசிப் பட்டை. யாரோ எடுத்த படத்தை முதலில் பார்த்தபோது அவளுக்கு எலும்பில் விழுந்த விரிசல்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கறுப்புப் பட்டையைத் தன் கேமராவில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அரிசிக்கு மருந்தாக எல்லோரும் ஆட்டோகைடிங்கைச் சொன்னார்கள். பெரிய டெலஸ்கோப்பின் முதுகில் விரல் பருமனுக்கு ஒரு சின்ன டெலஸ்கோப்பையும் சின்னக் கேமராவையும் பொருத்த வேண்டும். அது ஒரு நட்சத்திரத்தை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் இம்மி நகர்ந்தாலும் லேப்டாப் கண்டுபிடித்து மவுன்டைத் திருத்தும். எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு திருத்தியது என்பது திரையில் ஒரு கோடாக ஓடும். அன்னக்கொடி அதையும் வாங்கிப் பொருத்தினாள். கோடு ஈசிஜி மாதிரி மேலும் கீழும் குதித்தது. அரிசி அரிசியாகவே இருந்தது.

திருப்பரங்குன்றத்தில் கிரிதர் என்று ஒருவன். மென்பொருள் கம்பெனியில் வேலை, வீட்டிலேயே நிரந்தரமாகத் தூண் கட்டி டெலஸ்கோப் வைத்திருப்பவன். வானத்தைப் படமெடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். போன் போட்டுக் கேட்டாள்.

"மேடம், உங்க மவுன்ட் ஓல்டு மாடல். அத வச்சுக்கிட்டு ஃபைட் பண்ணாதீங்க. புதுசு வாங்கிடுங்க."

"வாங்குற நெலமையில இல்லைங்க தம்பி. இதுலயே என்ன செய்யலாம்?"

கிரிதர், "ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. ஒரே நேரத்துல ரெண்ட மாத்தாதீங்க" என்றான்.

அந்த வழி அவளுக்குத் தெரிந்ததுதான். எக்ஸ்ரே மங்கலாக வந்தால் மெஷினா, ஆளா, மூச்சா என்று ஒவ்வொன்றாகத்தான் தள்ளிப் பார்ப்பாள். திவ்யாவின் பழைய அறிவியல் நோட்டின் காலிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதத் தொடங்கினாள். கைடு கேமரா அரை நொடிக்கொரு தடவை பார்த்துத் திருத்தியபோது, காற்றில் நட்சத்திரம் மினுக்குவதைக்கூட நகர்வு என்று எடுத்துக்கொண்டு மவுன்ட் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தது. அதை மூன்று நொடியாக்கினாள். கோடு கொஞ்சம் அடங்கியது. திருத்தும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள், இன்னும் அடங்கியது. எடையைச் சரிசமமாக வைக்காமல் கிழக்கே கொஞ்சம் கூடுதலாக வைத்தபோது பல்சக்கரங்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு ஓடின. தொங்கிய ஒயர்களையெல்லாம் ரிப்பன் துணியால் சேர்த்துக் கட்டினாள்.

எழுதும்போது நாலு வரியாக இருக்கிறது. இதற்கு இரண்டு வருடமானது. அமாவாசையன்று மேகம் வரும். மேகமில்லாத வாரம் பார்த்து, எப்போதாவது வரும் நைட் டூட்டி அவளுக்கு விழும். இரண்டும் சரியாக இருந்தால் அழகுபாண்டிக்கு இடுப்பு வலி. எல்லாம் கூடிவந்த ஒரு நாள் மொக்கையன் காட்டுப்பன்றிக்குப் பயந்து புதிதாக மாட்டிய எல்இடி விளக்கு களத்தை முழுக்கப் பகலாக்கியது. அணைக்கச் சொல்லிக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அங்கே போட்டிருந்த நிலக்கடலை அவருடையது. அன்று சாமான்களை இறக்காமலே திரும்பினார்கள்.

மூன்றாவது வருடம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, எல்லாம் ஒத்துவந்தது. இரவு ஒரு மணி வாக்கில் கைடிங் கோடு ஆணி அடித்தாற்போல நேராக ஓடியது. அவ்வளவு நேராக அது என்றைக்குமே ஓடியதில்லை. அன்னக்கொடி இருபது படங்களுக்கு ஓடவிட்டாள். ஒரு மணி நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படங்கள் முடிந்ததும் ஒன்றைத் திறந்து பெரிதாக்கினாள்.

அரிசி.

அடுத்ததையும் அதற்கடுத்ததையும் திறந்தாள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த அரிசி. கோடு நேராக இருக்கிறது, படம் கோணலாக இருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. லேப்டாப்பை மூடினாள். ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். வேனின் கதவைத் தட்டினாள்.

அழகுபாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். "விடிஞ்சிருச்சா?"

"இல்ல. போவோம். இதெல்லாத்தையும் வித்துரலாம் மாமா."

அவன் சாமான்களை ஏற்றினான். செக்கானூரணி தாண்டியதும் அவனாகவே கேட்டான்: "என்னதான் ஆச்சு?"

சொன்னாள். கோடு நேராக ஓடியதையும், படம் மட்டும் கெட்டுப்போனதையும்.

அவன் கொஞ்ச தூரம் ஓட்டினான். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. வேன்ல சைடு மிரரு லூசா இருக்குண்டு வையி. பின்னால வர்ற பஸ்ஸு ஆடுற மாதிரியே தெரியும். பஸ்ஸு நேராத்தான் வரும். மிரருதான் ஆடுது."

"சரி."

"நீ அந்தச் சின்னக் கொழாயத்தான நம்பி எல்லாத்தையும் திருப்புற? அது ஆடுச்சுண்டா?"

அன்னக்கொடி இருட்டில் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வண்டிய ஓரங்கட்டுங்க."

நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னால் ஒரு டீக்கடை விளக்கடியில் வேன் நின்றது. பெட்டியைத் திறந்து டெலஸ்கோப்பை வெளியே எடுத்தாள். முதுகில் இருந்த சின்னக் குழாயை இரண்டு திருகும் ஒரு ஸ்பிரிங்கும் பிடித்திருந்தன. சுண்டுவிரலால் மெல்ல அழுத்தினாள். நெளிந்தது. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. லேப்டாப்பைத் திறந்து இருபது படங்களையும் வரிசையாக வேகமாகத் தள்ளிப் பார்த்தாள். வானம் முழுவதும் ஒரே பக்கமாக, எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. டெலஸ்கோப் சாயச் சாயச் சின்னக் குழாய் தன் பாரத்தில் தொங்கியிருக்கிறது. தன் நட்சத்திரத்தை விடக்கூடாது என்று அது மொத்த மவுன்டையும் தப்பான பக்கம் இழுத்திருக்கிறது. கோடு நேராக ஓடாமல் என்ன செய்யும்?

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, எதுவும் ஒடஞ்சு போச்சா?" என்றார்.

"இல்லண்ணே. இப்பத்தான் ரிப்பேரு என்னாண்டு தெரிஞ்சிருக்கு. ரெண்டு டீ போடுங்க" என்றான் அழகுபாண்டி.

செல்லூரில் அவனுக்குத் தெரிந்த நல்லகாமன் இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். வேனுக்கு ஏதாவது உடைந்தால் அவரிடம்தான் போவான். திங்கட்கிழமை மதியம், பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த இடைவெளியில், சின்னக் குழாயைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனான். அக்கம்பக்கத்தில் ஓடும் நெசவுத் தறிகளின் சத்தத்துக்கு நடுவே இருவரும் கத்திக் கத்திப் பேசியதை ராத்திரி அவளுக்கு நடித்துக் காட்டினான்.

"இது என்ன மாப்ள, துப்பாக்கியா?"

"நட்சத்திரம் பாக்குற கொழாய்ண்ணே. ஸ்பிரிங்கு வேணாம். அசையவே கூடாது. அம்புட்டுதான்."

"எம்புட்டு அசையக் கூடாது?"

"தலமுடி அளவுக்குக்கூட."

நல்லகாமன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அலுமினியக் கட்டையைக் கடைந்து, குழாய் அப்படியே உட்காரும்படி இரண்டு பாதி வளையங்கள் செய்து, நாலு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பார்க்க அழகாக இல்லை. அன்னக்கொடி கட்டைவிரலால் முழுப் பலத்தோடு அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

அதற்குப்பின் உடனே போக முடிந்ததா என்றால் இல்லை. ஸ்கேன் சென்டரில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், அவர்கள் டூட்டியும் இவள் தலையில் விழுந்தது. ஏப்ரலில் மேகம். மே மாதம் அழகுபாண்டியின் இடுப்புக்கு இவளே எக்ஸ்ரே எடுத்தாள். தன் புருஷனிடம் "ஆடாதீங்க" என்று சொல்லும்போது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. டிஸ்க் கொஞ்சம் தேய்ந்திருந்தது. டாக்டர் பெல்ட் போடச் சொன்னார், கனம் தூக்க வேண்டாமென்றார். பெட்டிகள் பரணில் ஏறின. கோடை போய், மழை வந்து, மார்கழியும் போனது.

போன வருடம் ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் அவன்தான் பேச்சை எடுத்தான். "அமாவாசை வருதுல்ல. போவமா?"

"ஒங்க இடுப்பு?"

"நான் தூக்கலைல. நீதான் தூக்கப்போற. நான் சும்மா படுத்திருக்கேன்."

மவுன்டை அவள் மூன்று பாகமாகக் கழற்றி மூன்று நடையாக இறக்கினாள். அவன் பெல்ட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான். மொக்கையனிடம் அவனே போய்ப் பேசியிருந்தான். விளக்கு அணைந்திருந்தது. பத்தேகால் மணிக்கு முதல் படத்தை ஆரம்பித்தாள். கைடிங் கோடு சுமாராகத்தான் ஓடியது, அதற்கு முந்தின வருடத்து நேர்த்தி இல்லை. மூன்று நிமிடம் முடிந்து படம் திரையில் வந்தது. பெரிதாக்கினாள். மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தாள்.

"மாமா."

"என்ன?"

"இங்க வாங்க."

அவன் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து வந்து குனிய முடியாமல் நின்றான். அவள் லேப்டாப்பை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நட்சத்திரமெல்லாம் புள்ளியாக இருந்தது. நடுவே சாம்பல் உருண்டையொன்று, குறுக்கே மங்கலாக ஒரு கறுப்புக் கோடு.

"இதுதானா?"

"இதுதான்."

"கொஞ்சூண்டுதான் இருக்கு."

"ஆமா, கொஞ்சூண்டுதான்."

அவள் சிரித்தாளா என்று அவனுக்கு இருட்டில் தெரியவில்லை. அன்று முப்பத்தொரு படம், மறுநாள் இருபத்தாறு. மூன்றாம் நாள் ஆரம்பிக்கும் முன்பே மேகம் மூடியது. ஐம்பத்தேழில் ஒன்பதைக் கழித்தாள். காற்றடித்தபோது எடுத்தவை அவை. மீதியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டில் மணல் தூவினாற்போலத் தெரியும் இரைச்சலைக் குறைத்து, நிறத்தைச் சரிசெய்ய டூட்டி முடிந்த பத்து ராத்திரிகள் ஆயின. கறுப்புப் பட்டையின் ஓரம் பிய்ந்த துணி மாதிரி பிசிறுபிசிறாகத் தெரிந்தது.

திவ்யாவுக்கு அனுப்பினாள். "சூப்பர்மா" என்று ஒரு இதயம் வந்தது. கிரிதர் போனிலேயே கூப்பிட்டான். "மேடம், அந்தப் பழைய மவுன்ட்லயா எடுத்தீங்க? ஸ்டார்ஸ் எல்லாம் ரவுண்டா இருக்கு. பேக்ரவுண்டுல கொஞ்சம் பச்சை அடிக்குது. இன்னும் ஆறு மணி நேரம் சேத்தீங்கன்னா வேற லெவல்ல இருக்கும்."

"பாக்கலாம் தம்பி" என்றாள்.

ஆறு மணி நேரம் என்றால் அவளுக்கு ஒரு வருடம். அது கிரிதருக்குத் தெரியாது, அவளும் விளக்கவில்லை. ஒரு படம் நல்லா வந்துட்டா விட்ருவேன் என்று சொன்னவள் சாமான்களை விற்கவில்லை. பெரிய சந்தோஷம் என்று சொல்லும்படியும் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நாளாகத் தலையில் இருந்த ஒரு பாரத்தை எங்கோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அந்த இடத்தில் தூக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அழகுபாண்டி கேட்டான். "சனிக்கெழம வானம் தெளிவா இருக்கும்ண்டு போன்ல காட்டுது. போவமா?"

அன்னக்கொடி தோளைத் தேய்த்துக்கொண்டே பரணைப் பார்த்தாள்.

"இந்த மாசம் வேணாம் மாமா. தூங்குவோம்."

"சரி" என்று விளக்கை அணைத்தான்.